உறைபனியில் வண்டி ஓட்டிய கைகள்

கார்த்திகை முடியும்போதே புல்லின் மேல் நீர்ப்பனி இறங்கத் தொடங்கிவிட்டது. மார்கழி பிறந்தால் அதுவே உறைபனி. இனி இரண்டு மாதத்துக்குக் காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி என்று நம் ஊர்ப் பெயர்களும், பக்கத்திலேயே சைபர், ஒன்று, இரண்டு என்று டிகிரி கணக்கும் இருக்கும். வெள்ளைக் கம்பளம் விரித்த மாதிரி புல்வெளிப் படமும் போடுவார்கள். கீழ்நாட்டில் இருப்பவர்கள் பார்த்து ரசிப்பார்கள். அந்தப் புல்வெளிக்குப் பக்கத்து ரோட்டில், விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் படும் பாடு படத்தில் வராது. 31 வருஷம் அப்படிப் போனவன் என்ற உரிமையில் இன்று அதை எழுதுகிறேன். முக்கியமாகக் கைகளைப் பற்றி.

எனக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். 1983-ல் கால்நடை ஆய்வாளராக நீலகிரிக்கு வந்தேன். கிராமத்தில் எங்களையும் 'டாக்டர் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, நானும் விட்டுவிட்டேன். முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, இத்தலார் என்று சுற்றியுள்ள ஹட்டிகள்தான் என் எல்லை. பழைய ராஜ்தூத் ஒன்று வாங்கினேன். பின்னால் மூன்று லிட்டர் நைட்ரஜன் கேன், பக்கப் பெட்டியில் மருந்து, வெந்நீர் பிளாஸ்க். இதுதான் என் ஆபீஸ்.

காலையில் ஏன் போக வேண்டும், வெயில் வந்த பிறகு போகக் கூடாதா என்று என் மனைவி கேட்பதுண்டு. மாடு வளர்த்தவர்களுக்கு அதன் பதில் தெரியும். சாயங்காலம் மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் மறுநாள் காலையில் சினை ஊசி போட்டாக வேண்டும். அந்த நேரம் தவறினால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு 21 நாள் தீவனச் செலவு லேசானதில்லை. ஆகவே ஆறு மணிக்கு வண்டியை எடுத்துவிடுவேன்.

அந்த நேரம்தான் நாளிலேயே மிகக் குளிரான நேரம். நடுராத்திரிதான் அதிகக் குளிர் என்று பலர் நினைக்கிறார்கள். இரவு முழுக்கத் தரை சூட்டை இழந்துகொண்டே இருக்கிறது. சூரியன் எழும்பும் வேளையில்தான் குளிர் அடிமட்டத்தைத் தொடுகிறது. அதிலும் குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டில் தேயிலை பச்சையாக நிற்கும்போது, கீழே பாலாடா பள்ளத்தில் கேரட் தோட்டமும் உருளைக்கிழங்குச் செடியும் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். ஃபிங்கர்போஸ்ட் பக்கமிருந்து வண்டி பள்ளத்தில் இறங்கும்போது, ஒரு வளைவு தாண்டியதும் குளிர்ந்த குளத்துக்குள் இறங்குவது போல முகத்தில் அடிக்கும். கண்ணைக் கட்டி அழைத்துப் போனாலும் எந்த இடம் என்று சொல்லிவிடுவேன்.

இதோடு வண்டியின் வேகமும் சேரும். நின்ற இடத்தில் 2 டிகிரி இருந்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனின் வெறும் தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 5 மாதிரி உறைக்கும். இது என் கற்பனைக் கணக்கு இல்லை. 1940-களின் தொடக்கத்தில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் சிறு பிளாஸ்டிக் குடுவையில் தண்ணீரை ஊற்றிக் காற்றில் வைத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். அங்கிருந்து தொடங்கிய கணக்கு இது. 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் அதைத் திருத்திப் புதிய வாய்பாடு கொண்டுவந்தன. மேலே நான் சொன்னது அந்தப் புதிய வாய்பாட்டின்படி. காற்று நம்மைச் சுற்றியுள்ள மெல்லிய வெதுவெதுப்பான படலத்தைத் துடைத்துக்கொண்டே போகிறது என்பதுதான் இதன் சாரம். வண்டியில் அந்தக் காற்றை முதலில் வாங்குவது ஹேண்டில்பாரைப் பிடித்த கை.

கை விறைப்பது எப்படி என்று வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முதலில் சுண்டுவிரலில் ஒரு குத்தல். பிறகு எல்லா விரலும் வலிக்கும். கொஞ்ச நேரத்தில் வலி நின்றுவிடும். அப்பாடா என்று இருக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வலி நின்றது கை பழகிவிட்டதால் அல்ல, உணர்வு போய்விட்டதால்.

1990-களில் நடந்தது இது. எங்கள் பக்கத்து ஹட்டி ஒன்றில் பால் சேகரித்து சொசைட்டிக்குக் கொண்டுபோகும் ஒருவர் இருந்தார். வண்டி எம்-80. இரண்டு பக்கமும் கேன். அந்த வண்டியில் கிளட்ச் மட்டுமல்ல, கியரும் இடது கைப்பிடியில்தான். திருகித்தான் மாற்ற வேண்டும். ஒரு ஜனவரி காலை, இறக்கத்தில் வளைவில் திரும்ப முடியாமல் நேராகத் தேயிலைத் தோட்டத்துக்குள் போய்விட்டார். வலது கால் எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "பிரேக்கைப் பிடிச்சேன்னுதான் சார் நினைச்சேன். அப்புறம் பார்த்தா கை மேலேயே இருக்கு, விரல் மடங்கவே இல்ல."

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு வினாடிக்கு 11 மீட்டர். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி கூடுதலாக எடுத்தால், வண்டி ஒரு பஸ் நீளம் தாண்டிப் போயிருக்கும். நம் கொண்டை ஊசி வளைவுகளில் அந்த ஒரு பஸ் நீளம் பல இடங்களில் இல்லை. அவருக்கு எலும்பு கூடிற்று. ஆனால் அதற்குப் பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. மகன் பொறுப்பெடுக்கும் வயது வரும்வரை அந்த வீட்டில் வருமானம் பாதியாயிற்று.

எனக்குக் கையின் அருமை இன்னொரு விதத்திலும் தெரிய வந்தது. நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் என் கைக்கு வேலை ஆரம்பம். ஒரு நாள் இத்தலார் தாண்டி ஒரு வீட்டில் மாடு கன்று போட முடியாமல் ராத்திரி முழுக்க முக்கிக்கொண்டிருப்பதாக விடியற்காலையில் ஆள் வந்தது. டாக்டர் இருந்த இடம் தூரம். அந்த வீட்டில் போனும் இல்லை. நான் போய் இறங்கும்போது இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. அது முன்னங்காலா பின்னங்காலா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உள்ளே கையை விட்டுத் தடவி மூட்டுகளைப் பார்க்க வேண்டும். முன்னங்கால் என்றால் குளம்புக்கு மேலே உள்ள இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கும். பின்னங்கால் என்றால் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம். பின்னங்கால் என்று தெரிந்துவிட்டால் இழுக்க ஆரம்பித்த பிறகு தாமதிக்கக் கூடாது. கன்றின் தலை உள்ளே இருக்கும்போதே தொப்புள்கொடி நசுங்கும். மூச்சு முட்டிப் போய்விடும்.

என் விரல்களோ கட்டை மாதிரி இருந்தன. சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. அந்த வீட்டுப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுப்பு நெருப்பில் கையை நீட்டியதும் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்தார். முதுகில் ஒரு கம்பளியைப் போர்த்தினார். சூடாக டீ கொடுத்தார்.

"நெஞ்சு குளிர்ந்து கிடக்கு, கையைச் சுட்டு என்ன பண்ணுவ தம்பி? முதல்ல உள்ளே சூடு ஏறட்டும்" என்றார்.

வீட்டுக்காரர் தவித்துக்கொண்டிருந்தார். "சார், நேரமாகுதே" என்றார். எட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். விரல் நுனியில் ஆயிரம் எறும்பு கடித்த மாதிரி ஒரு வலி வந்து அடங்கியது. அதன் பிறகு சோப்பு போட்டுக் கழுவிக் கையை உள்ளே விட்டேன். தொட்டதும் தெரிந்தது, பின்னங்கால். மூட்டு எதிர்ப்பக்கம் மடங்கியது. கயிறு கட்டி, மாடு முக்கும்போதெல்லாம் மூன்று பேர் இழுத்தோம். கன்று வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்த பிறகு தும்மியது. கிடாரிக் கன்று. அந்த வீட்டில் அன்றைக்குத் திருவிழா.

பாட்டி சொன்னதன் அர்த்தம் எனக்கு வயதாக ஆகத்தான் முழுமையாக விளங்கிற்று. விரல்களில் தசை மிகக் குறைவு. விரலை மடக்கும் பெரிய தசைகளெல்லாம் முழங்கைக்குக் கீழே முன்கையில் இருக்கின்றன. விரலுக்கு வருவது அவற்றின் நரம்புக் கயிறு போன்ற தசைநார்தான். ஆகவே விரல் தானாகச் சூடு உண்டாக்கிக்கொள்வது கொஞ்சம்தான். ரத்தம் கொண்டுவரும் சூட்டில்தான் அது பிழைக்கிறது. உடம்புக்குள் குளிர் இறங்கினால், இதயமும் ஈரலும் மூளையும் காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காக உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அப்போது எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் பயன் இல்லை. காலி பிளாஸ்க்கை எத்தனை கம்பளியில் சுற்றினாலும் வெந்நீர் வருமா? கையுறை சூட்டைக் காக்கும், உண்டாக்காது.

வேடிக்கை என்னவென்றால், இதே விஷயம் என் தொழிலிலேயே இருந்தது. பின்னால் கேனில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன். அதிலிருந்து உறைவிந்துக் குச்சியை எடுத்து, 37 டிகிரி தண்ணீரில் அரை நிமிஷம் வைத்து இளக்க வேண்டும். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவது அதற்காகத்தான். இளகிய பிறகு மறுபடி குளிர் பட்டால் அத்தனையும் வீண். ஆகவே குச்சியை ஊசிக் குழலில் பொருத்தியதும் சட்டைக்குள், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு மாட்டிடம் நடப்போம். பயிற்சியில் கற்றுக்கொடுத்தது அது. மனித உடம்பில் சூடு நிலையாக இருக்கும் இடம் எது என்று அந்தச் சின்னக் குச்சிக்குக்கூடத் தெரியும்!

அதன் பிறகு என் உடுப்பு முறை இப்படி ஆயிற்று. பனியனுக்கு மேல் சட்டை. சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே, நெஞ்சை மூடி முதல் நாள் செய்தித்தாள் நான்கு தாள். கழுத்தில் மஃப்ளர், காற்று உள்ளே இறங்க இடமில்லாமல். ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு. கம்பளி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் கண்கள் வழியாகக் காற்று புகுந்துவிடும்; மேலே காற்றைத் தடுக்க ஒன்று வேண்டும். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய குல்லா. நெஞ்சும் கழுத்தும் மூடியிருந்த நாட்களில், அதே பழைய கையுறையோடு பாலாடா வரை விரல் உயிரோடு இருந்தது.

கையுறைக்கும் இதே விதிதான். உள்ளே என் மனைவி பின்னிய கம்பளி உறை. வெளியே ஒரு சைஸ் பெரிதான தோல் உறை. இறுக்கமான உறை ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கள் துறைக்கே உரிய ஒரு ரகசியம்: சினை ஊசிக்குப் பயன்படும் தோள் வரை நீளும் பிளாஸ்டிக் உறை. பாக்கெட்டிலேயே ஓட்டை விழுந்து வேலைக்கு ஆகாமல் ஒதுக்கியவற்றை மணிக்கட்டு அளவுக்கு வெட்டிப் போட்டுக்கொள்வோம். காற்று நுழையாது. ஆனால் வேர்வையும் வெளியே போகாது. ஆகவே அரை மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது. ஈரம் குளிருக்கு நண்பன். காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பனிமூட்டத்தில் உறை நனைந்துவிட்டால் மாற்றிக்கொள்ளக் காய்ந்த ஜோடி ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்கும்.

எல்லாவற்றையும் விட உதவியது என் மனைவி தைத்த 'கைக்கூடு'. பழைய ரெக்சினை வெளியிலும் கிழிந்த கம்பளியை உள்ளேயும் வைத்துப் பை மாதிரி தைத்து, ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மாட்டிவிட்டாள். கையை உள்ளே நுழைத்துப் பிடித்துக்கொள்ளலாம். முதல் நாள் பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வருஷம் அதே ஆட்கள் வீட்டுக்கு வந்து, "அக்கா, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்க" என்று நின்றார்கள். அவள் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு. வாய் அகலமாக இருக்க வேண்டும், அவசரத்தில் கை சட்டென்று வெளியே வர வேண்டும். இன்னொன்று, காற்றின் அழுத்தத்தில் துணி பிரேக் லிவர் மேல் படியக் கூடாது. அதற்காக முன்பக்கம் ஒரு கெட்டிக் கம்பியை வளைத்துத் தைத்திருந்தாள். இன்று கடையில் வாங்கி மாட்டுகிறவர்களும் இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழியில் விறைக்க ஆரம்பித்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். ஒரு கையை எடுத்து எஞ்சின் மேல் வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஒரு கையில் வண்டி. மற்றதில் உணர்வே இல்லாததால் சுட்டாலும் தெரியாது. நிறுத்தி இறங்கி, கையை நீட்டித் தோளிலிருந்து பெரிய வட்டமாக இருபது முப்பது தடவை சுற்றுங்கள். சுற்றும் வேகத்தில் ரத்தம் விரல் நுனிவரை தள்ளப்படும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பரவாயில்லை. அல்லது கையை அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள். கொதிக்கும் வெந்நீரும் நெருப்பும் விறைத்த கைக்கு ஆகாது. நம் தோட்டக்காரர்களைப் பாருங்கள், உறைபனி விழுந்த செடியின் மேல் வெயில் படுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்து மெதுவாக இளக்குகிறார்கள். கைக்கும் அந்த நிதானம் வேண்டும்.

குளிருக்கு ஒரு மடக்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மது தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாயை விரிக்கும். கொஞ்ச நேரம் சூடாகத் தெரியும். அந்த நேரத்தில் உள்ளே இருக்க வேண்டிய சூடு வெளியே ஓடிக்கொண்டிருக்கும். பீடி, சிகரெட்டோ ரத்தக் குழாயைச் சுருக்கும். டீ போதும்.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு குளிர்காலத்தில், ஸ்கூட்டரில் மார்க்கெட் வரை போனாலே என் விரல்கள் வெள்ளை வெளேரென்று ஆயின. மருத்துவரிடம் காட்டினேன். நான் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளைப் பார்த்தார். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சிலருக்குக் கைகாலைக் குளிர வைக்கும் என்று சொல்லி, வேறு மாத்திரைக்கு அவரே மாற்றினார். விரல் ஓரளவு சரியாயிற்று. இப்படி இருந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து, டாக்டரிடம் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு உணர்வு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அவர்கள் விடியற்காலை வண்டி எடுப்பதையே தவிர்ப்பது நல்லது. சூரியன் ஏறி ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினால் கேரட்டின் விலை ஒன்றும் மாறிவிடாது.

நமக்கு அந்தச் சலுகை உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இல்லை. இன்றும் விடிவதற்கு முன்னால் பால், செய்தித்தாள் கொண்டுவருகிறவர்கள், இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், பார்சல் கொண்டுவரும் பையன்கள் எல்லாரும் வண்டியில்தான் வருகிறார்கள். பாதிப்பேர் கையில் கையுறையே இல்லை. இருந்தாலும் நெஞ்சு திறந்து கிடக்கிறது. அப்படி ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்தால் உடனே அனுப்பிவிடாதீர்கள். ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்து, அது தீரும்வரை நிற்கச் சொல்லுங்கள். பழைய பேப்பர் நாலு தாள் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். முதலில் சிரிப்பார்கள். மறுநாள் தாமாகவே கேட்பார்கள்.